கேட்கத் தெரியாத அப்பா

"என்னப்பா சொன்னாங்க?"

மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்த அப்பா, ஃபைலை மகளிடம் நீட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இல்லையாம்மா."

இது பதினோராவது 'இல்லை'. பேட்டரி கம்பெனியின் வரவேற்பறையில் அரை மணி நேரமாக நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

அவளுக்கு வயது பத்தொன்பது. மோட்டோகிராஸ் ஓட்டுகிறாள். மண்ணை மேடும் பள்ளமுமாகக் குவித்து வைத்து, அதன்மேல் பைக்கைத் தாவவிடுகிற பந்தயம். கிளப் கொடுத்த ஓட்டை பைக்கிலேயே போன வருடம் மூன்று கோப்பை வாங்கினாள். நான்காவது பந்தயத்தில் விழுந்து தோள் எலும்பு முறிந்தது. இப்போது எல்லாம் சரியாகிவிட்டது. இந்த வருடம் பெரிய பந்தயத்தொடர். வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது ஒரு கம்பெனியிடமிருந்து ஸ்பான்சர் கடிதம் வர வேண்டும். வராவிட்டால் அவள் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். இன்று புதன்.

அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். இருபது வருடத்தில் வேகமுள் நாற்பதைத் தாண்டியதில்லை. பின்னால் வருகிற சைக்கிள்காரன்கூட மணியடித்து வழி கேட்பான். அப்படிப்பட்ட மனிதர் மகளுக்காக லீவு போட்டு, தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு, கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குகிறார். எல்லா இடத்திலும் ஒரே வசனம்தான்.

"நீ வெளிய உக்காரும்மா. பெரிய மனுஷங்ககிட்ட எப்படிப் பேசணுமோ அப்படி நான் பேசிக்கிறேன்."

பத்தாவது நிமிடம் வெளியே வந்து உதட்டைப் பிதுக்குவார்.

"ஹெல்மெட் கம்பெனியில இல்லைன்னாங்க, ஆயில் கம்பெனியில இல்லைன்னாங்க, சரி. எலும்பு ஆஸ்பத்திரியில கூடவாப்பா இல்லைம்பாங்க? நான் ஜெயிச்சாலும் விழுந்தாலும் அவங்களுக்கு விளம்பரம்தானே!"

அப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"உங்களுக்குக் கேக்கத் தெரியலப்பா. கூச்சப்பட்டுக்கிட்டு ஓரமா நின்னுருப்பீங்க."

"இல்லம்மா. எவ்வளவு கெஞ்ச முடியுமோ அவ்வளவு கெஞ்சினேன். கையெடுத்துக் கும்பிட்டுக்கூடக் கேட்டேன்."

அவ்வளவுதான். இல்லாத தெம்பு எங்கிருந்தோ வந்துவிட்டது. அப்பா, முன்பின் தெரியாத ஒருத்தரைப் போய்க் கும்பிட்டிருக்கிறார்! அந்த ஆள் அதற்கும் அசையவில்லை!

"எங்கம்மா போற? வேண்டாம், சொன்னாக் கேளு..."

கேட்கவில்லை. கதவைக்கூடத் தட்டாமல் மேனேஜரின் மேஜைக்கு எதிரே போய் நின்றாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"சார், என் ஃபைலைத் திறந்தாவது பாத்தீங்களா?"

"பாத்தேம்மா. வீடியோவும் பாத்தேன். கடைசிச் சுத்துல ரெண்டு பேருக்கு நடுவுல புகுந்து தாவுறியே, அதை மட்டும் ரெண்டு தடவை பாத்தேன்."

"அப்புறம் ஏன் சார் இல்லைன்னீங்க?"

மேனேஜர் அவள் தோளுக்கு மேலே பார்த்தார். கதவோரத்தில் அப்பா மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார்.

"பட்ஜெட் இல்லம்மா."

"வாசல்ல 'இளைஞர்களுக்கு என்றும் துணை'ன்னு ஆளுயரத்துக்கு போர்டு வச்சிருக்கீங்க. துணையெல்லாம் போர்டோட சரியா? எங்கப்பா யாரையும் கும்பிட்டு நான் பாத்ததில்ல சார். உங்களைக் கும்பிட்டிருக்காரு. மனசாட்சின்னு ஒண்ணு..."

மேலே பேச முடியாமல் குரல் உடைந்துவிட்டது. அவமானமாக இருந்தது.

மேனேஜர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அடுத்து எங்க போறீங்க?"

"ஏன், அங்கயும் சொல்லிக் கெடுக்கவா?"

"சும்மாதான் கேட்டேன்."

"டயர் கம்பெனி. நாளைக்குப் பதினோரு மணி. அதுதான் கடைசி. அங்கயும் இல்லைன்னா எல்லாத்தையும் மூட்டை கட்டி வச்சுட வேண்டியதுதான்."

தண்ணீரைத் தொடாமல் விடுவிடுவென்று வெளியேறினாள். அப்பா ஒரு நொடி தயங்கி, மேனேஜரைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டு அவள் பின்னால் ஓடினார்.

இவ்வளவையும் பக்கத்து மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கணக்குப் பிரிவு அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பெண் உள்ளே நுழைவதற்குச் சற்று முன்புதான் அந்த அம்மா சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாள்.

"என்ன சார் நீங்க? பட்ஜெட் இல்லையா? போன வாரம்தானே ஒதுக்கினோம்? வயசுப் பொண்ணு, எவ்வளவு ஆசையா வந்துச்சு. கல்நெஞ்சு சார் உங்களுக்கு."

"இருந்துட்டுப் போகட்டும்மா" என்றார் மேனேஜர் களைப்பாக. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, செல்போனில் ஒரு நம்பரைத் தேடி எடுத்து அழுத்தினார். டயர் கம்பெனியில் அவருடைய பழைய நண்பர் இருந்தார்.

"நான்தான்டா. நாளைக்குப் பதினோரு மணிக்கு உன் ரூமுக்கு ஒரு அப்பா வருவாரு. 'பொண்ணு மறுபடியும் விழுந்துடுவாளோன்னு ராத்திரியெல்லாம் தூக்கம் வரல சார், போகாதேன்னு அவகிட்ட சொல்ல எனக்கு வாய் வரல, தயவுபண்ணி நீங்களே ஸ்பான்சர் இல்லைன்னு சொல்லிடுங்க'ன்னு கும்பிட்டு அழுவாரு. நான் மனசு இளகி அவருக்கு வாக்குக் குடுத்துத் தொலைச்சுட்டேன். நீயாவது அவரை வெளிய உக்கார வச்சுட்டு, அந்தப் பொண்ணை உள்ள கூப்பிட்டுப் பேசு!"