அடுப்படியில் நஞ்சம்மாள்

மார்கழிப் பனி இன்னும் விலகவில்லை. காரிமங்கலத்துக்குப் புதிதாகக் குடிவந்த ஹபீபா, கைக்குழந்தையை மடியில் இறுக்கிக்கொண்டு, அடுப்புக்கு எதிரே குந்தியிருப்பவளையே பார்க்கிறாள். பக்கத்து வீட்டு நஞ்சம்மாள் நாலு நாளாக, கூப்பிடாமலே விடியலில் வந்துவிடுகிறாள். கொண்டுவந்த துவரை மிளாறை முறித்து அடுப்பில் திணிக்கிறாள், படபடவென்று பற்றிக்கொள்கிறது. அவள் கண் மட்டும் குழந்தையை விட்டு நகரவில்லை. கண்ணு வைக்கிறாளா, வேறு ஏதாவது எண்ணமா? "எதுக்குக்கா தெனமும் வர்றீங்க?" என்று ஹபீபா கேட்டே விடுகிறாள். நஞ்சம்மாள் நெருப்பைப் பார்த்தபடி சொல்கிறாள்: "போன மார்கழில எம் புள்ள குளுருல வெறச்சுப் போயிருச்சு. அன்னிக்கி எங்க வூட்ல வெறகில்ல." ஹபீபா மெல்ல நகர்ந்து குழந்தையை அவள் மடியில் கிடத்துகிறாள். ஆனாலும் அதன் காலைப் பிடித்த கையை எடுக்கவில்லை.