விரல்தடம்

தான் கரைசல் தொட்டியில் முக்கிக் கறுப்பேற்றிய துப்பாக்கிக் குழலைத் துரு கனவில்கூடத் தொடாது என்பது பட்டறைக்காரனின் உறுதியான கொள்கை. கையுறை மாட்டாமல் எதையும் தொடாத தங்கை புருஷனை, “கல்யாணப் பொண்ணா நீ?” என்று கிண்டலடிப்பான்.

“தொட்டிக்குள்ள யாரோ குழலப் புடிக்கிறாங்க மச்சான்.”

“புடிக்கட்டும் மாப்ள, வழுக்கி விழாது.”

ஒரே குழல் மூன்றாம் முறையாகத் தொட்டிக்கு வந்தது. முதலில் அடிநுனியில் துருவாய் ஐந்து விரல்தடம் இருந்தது. அடுத்த முறை நடுவில். இரண்டையும் அவனே தேய்த்து அழித்திருந்தான். இன்று வெறுங்கையால் மேல்நுனியைப் பிடித்துக் கரைசலில் முக்கி எடுத்தான். ஈரம் சொட்டும்போதே அதே ஐந்து விரல் துருவாய்ப் படிந்திருந்தது, அவன் சுண்டுவிரலுக்கு ஓர் அங்குலம் கீழே.

மாப்பிள்ளை கையுறைகளைக் கழற்றி நீட்டினான். பட்டறைக்காரன் அவற்றை மாட்டிக்கொண்டு, அலமாரியிலிருந்த இன்னொரு ஜோடியையும் அதன்மேல் மாட்டினான்.