மூன்றாவது காது

"இன்னிக்கும் மணி அடிச்சுதும்மா," என்றார் முதலாளி, கைபேசியை மேசைமேல் வைத்தபடி. "யாரோ வேலையை விட்டுக் கிளம்பத் துடிக்கிறாங்க. யாருன்னுதான் தெரியலை."

எதிரே புரோகிராமர் நின்றிருந்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. முதலாளிக்கு அவளிடம் பிடித்ததே அதுதான்.

போன வருடம் ஒரு டிசைனர் சொல்லாமல் கொள்ளாமல் ராஜினாமா கொடுத்துவிட்டுப் போனதில், பாதி வேலை நின்று, நல்ல வாடிக்கையாளர் ஒருவரும் கைநழுவிப் போயிருந்தார். இப்போது பஸ் டிக்கெட் பதிவுக்கான பெரிய வலைத்தளம் ஒன்றை அடுத்த மாதம் முடித்துத் தர வேண்டும். நடுவில் ஒரு ஆள் நழுவினாலும் கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான். சூடு கண்ட பூனையான முதலாளி, அதனால்தான் சில வாரங்களுக்கு முன்பே அவளைக் கூப்பிட்டிருந்தார்.

விடுப்பு கேட்பது, சம்பளச் சீட்டு பார்ப்பது, ராஜினாமா கொடுப்பது எல்லாமே அங்கே ஆபீசின் சொந்த வலைத்தளத்தில்தான்.

"அந்த ராஜினாமா பக்கத்தை யாராவது திறந்து பாத்தாலே எனக்குத் தெரியணும். முடியுமா?"

"முடியும் சார். உள்ள எந்த வேலை நடந்தாலும் 'இது நடந்துச்சு'ன்னு புரோகிராம் ஒரு அறிவிப்பு விடும். கேக்க ஆள் இல்லேன்னா அது பாட்டுக்குப் போயிடும். நாம ஒரு காதை வெச்சா, அறிவிப்பு வர்றப்பல்லாம் உங்க போன்ல மணி அடிக்கும்."

"வை, வை. ஆளோட பேரும் வருமில்ல?"

"பேரெல்லாம் சேத்தா வேவு பாக்கறீங்கன்னு வெளியில தெரிஞ்சிடும் சார். அப்புறம் எல்லாருமா ஒண்ணாக் கிளம்பிடுவாங்க."

"அப்போ பேரே வேண்டாம்" என்று முதலாளி கையை ஆட்டினார். அவள் விடாமல் சொன்னாள்: "அறிவிப்பு எங்கேருந்து வந்துச்சு, யார் விட்டாங்கன்னு காதுக்குத் தெரியாது. சொல்ற வார்த்தை சரியா இருந்தா மணி அடிச்சிடும். அவ்வளவுதான்."

முதலாளி அதைக் காதில் வாங்கவில்லை. கைபேசியில் எந்த மணியோசை நன்றாக இருக்கும் என்று தேட ஆரம்பித்திருந்தார்.

முதல் மணி, கணக்கு பார்க்கும் அம்மா நாற்காலி கேட்ட அன்று அடித்தது. "முதுகு வலி தாங்கலை சார்" என்றதற்கு, "எனக்குந்தான் வலிக்குது, நான் யார்கிட்ட கேக்கறது?" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அந்த அம்மா இருக்கைக்குத் திரும்பிச் சற்று நேரத்தில் மணி. எச்சில் கையால் காக்காய் ஓட்டாத மனிதர், மறுநாளே புது நாற்காலி வாங்கிப் போட்டார். மணி ஓய்ந்தது.

அடுத்து, வலைத்தளத்தில் பிழை தேடும் டெஸ்டர், தன் மனைவியின் பிரசவத்துக்கு விடுப்பு கேட்டான். "பிரசவம் அவங்களுக்குத்தானேப்பா, உனக்கு எதுக்கு லீவு?" என்றார். மணி அடித்தது. முதலாளியே எழுந்து அவன் இருக்கைக்குப் போய், "குழந்தையைப் பாத்துட்டு நிதானமா வா தம்பி" என்றார். ஆபீசே எழுந்து நின்று அவரைப் பார்த்தது.

இன்று மறுபடியும் அடித்திருக்கிறது.

"நீ என்னம்மா நினைக்கிறே?"

"டிசைனர்ங்க தலைமேல ஏசி ஒழுகுது சார். நேத்து சொன்னப்போ குடை கொண்டு வரச் சொன்னீங்க."

"அதானே பாத்தேன். ஏசிக்காரரை வரச் சொல்லு."

அவள் போகவில்லை. கதவருகே தயங்கி நின்றாள்.

"சார், எனக்கும் ஒண்ணு கேக்கணும். பாப்பாவை விடற காப்பகத்தை இப்பல்லாம் சீக்கிரமே மூடிடறாங்க. நேத்துகூட வாட்ச்மேனோட வாசல்ல உக்காந்திருந்தா. தினமும் கொஞ்சம் முன்னாடி கிளம்பட்டுமா? மீதி வேலையை வீட்லேருந்து முடிச்சிடறேன்."

"நீயே இப்படிக் கேட்டா எப்படிம்மா? உன்னை நம்பித்தானே இந்த ஆபீஸே ஓடுது."

"சரி சார்," என்று போய்விட்டாள்.

சொல்லிவிட்டாரே தவிர முதலாளிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கைபேசியைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு காத்திருந்தார். மதியம் போய் மாலையும் ஆயிற்று. மணி அடிக்கவில்லை. அழுகிற பிள்ளைக்குத்தான் பால், இவள் அழுகிற ரகமே இல்லை என்று நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை அவள் ஒரு காகிதத்தை மேசையில் வைத்தாள்.

"என்னம்மா இது?"

"ராஜினாமா சார்."

முதலாளி கைபேசியை எடுத்துப் பார்த்தார். "நீயா? நீ அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லியே. நேத்து பூரா பாத்துக்கிட்டுதானே இருந்தேன், மணி அடிக்கலையே."

"அந்தப் பக்கமே இல்லை சார். நீங்க காது வெக்கச் சொன்ன அன்னிக்கே எடுத்துட்டேன், யாரும் மாட்டிக்க வேண்டாமேன்னு. இதுவரைக்கும் அதைக் காணோமேன்னு ஒருத்தர்கூடத் தேடலை. அதான் நான் காகிதத்துல எழுதிக் கொண்டுவந்தேன்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கணக்கு பார்க்கும் அம்மா புது நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முதலாளி அவரையும் கைபேசியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்போ இத்தனை நாளா மணியை அடிச்சது யாரு?"

"நான்தான் சார். அடுத்தவங்களுக்குன்னா என் சீட்லேருந்தே அந்த அறிவிப்பை ஒரு வரி தட்டிவிட்டுடுவேன். எனக்குன்னு அடிச்சுக்கத்தான் மனசு வரலை."