காளைக்கு வந்த தடை

பதினைந்து நாள் மரபியல் பயிற்சியை முடித்துக்கொண்டு மணிமொழி செஞ்சிக்கு வந்து இறங்கியதுமே, அவள் அப்பா தாண்டவராயன் அவளை நேராக மாட்டுக்கொட்டகைக்கு அழைத்துப்போனார். அங்கே பிரசாந்த் தன் காளையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான்.

"மனுசன், மாடு எல்லாத்தோட வம்சத்தயும் படிச்சிட்டு வந்திருக்க. நம்ம பசுவுக்கு இந்தக் காளைய சேக்கலாமா?"

பிரசாந்துக்கும் கேட்கட்டும் என்று மணிமொழி நிதானமாகச் சொன்னாள்.

"வேணாம் நைனா. நம்ம பசுவோட தாயும் இந்தக் காளையும் ஒரே வயித்துல பொறந்ததுங்க. இது அதுக்குத் தாய்மாமன். கன்னு ஊனமா பொறந்துடலாம்."

தாண்டவராயன் பதறிப்போனார். "ஐயோ, வாயில்லாத ஜீவனுக்கு அந்தப் பாவத்தப் பண்ணலாமா? பிரசாந்து, ஓட்டிக்கினு போப்பா!" மகளின் படிப்பை நினைத்து அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

பிரசாந்த் காளையைத் திருப்பியபோது அவனுடைய அக்கா, மணிமொழியின் அம்மா செல்லம்மாள் ஓடிவந்தாள்.

"எங்கடா போற தம்பி? உனக்கும் மணிமொழிக்கும் கல்யாணத் தேதி குறிக்க ஜோசியர் வந்துட்டாருடா!"

மணிமொழி அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அது மாடும்மா," என்றார் அவர். "நமக்கு நெலம் வெளிய போவக்கூடாது இல்ல?"

பிரசாந்த் கயிற்றை இறுக்கிப் பிடித்தான்.

"நானும் காளையும் ரெண்டு பேருமே கெளம்பறோம் மாமா."