பறவை கிளப்பில் ஒரு பெயர்

இந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்துக்குப் படிக்கவா போகிறார்கள்? தபால்தலைக்கு ஒரு கிளப், செஸ்ஸுக்கு ஒரு கிளப், பறவையைப் பார்க்கக்கூட ஒரு கிளப். பறவையைப் பார்க்க கிளப் எதற்கு, அண்ணாந்தால் போதாதா என்று முணுமுணுத்தபடியே பெரியவர் ஆய்வகத்துக்குள் நுழைந்தார்.

"பறவை கிளப்புக்கு நீங்கதானே பொறுப்பு? என் மக பேரை அடிச்சிடுங்க."

விலங்கியல் ஆசிரியர் சட்டென்று எழுந்து நின்றார். "உட்காருங்க ஐயா. என்னாச்சு?"

"என்னாச்சா? நேத்து மொட்டைமாடித் தொட்டி மேல ஏறி விழுந்து, கால் வீங்கிக் கிடக்குறா. கேட்டா ஆந்தைக் கூடுங்கிறா. நீங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தீங்க?"

"ஏணியப் பிடிச்சிக்கிட்டிருந்தேன் ஐயா. வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வரல."

"நல்ல வாத்தியார். அந்தக் கால் உடைஞ்சிருந்தா யார் பதில் சொல்றது? இந்தாங்க கடிதாசி. பெத்தவங்க எழுதிக் கொடுத்தா உடனே பேரை எடுத்துடணும்னு வெளியே நோட்டீஸ் ஒட்டியிருக்கே."

ஆசிரியர் கடிதத்தைத் தொடவே இல்லை.

"அந்த நோட்டீஸ்ல கீழே இருக்கிற கையெழுத்தைப் பார்த்தீங்களா ஐயா?"

"ஏதோ கிறுக்கியிருந்தது."

"உங்க மக கையெழுத்துதான். தலைமை ஆசிரியை பேரை நான் எப்படிங்க அடிக்கிறது?"

பெரியவர் அசரவில்லை. கடிதத்தை மேசைமேல் வைத்து, பறக்காமலிருக்க டஸ்டரை அதன்மேல் வைத்தார்.

"தலைமை ஆசிரியைன்னா அப்பன் இல்லைன்னு ஆயிடுமா? அவ போட்ட சட்டம் அவளுக்கும்தான். அடிங்க."

இதற்கா இவளை இவ்வளவு படிக்க வைத்தேன் என்று முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கிப் போனார்.