நன்றி சொல்லும் பட்டை

லண்டன் பாடசாலையில் சேர்ந்த அன்றே என் கழுத்தில் பட்டையைப் பூட்டினார்கள். புதிதாக வந்த பிள்ளைகளின் குரலை அது விழுங்கிவிட்டு, தானே ஆங்கிலத்தில் பேசும். சாவியைப் பிரியாவிடை விழாவில்தான் தருவார்கள்.

வகுப்பாசிரியை மிஸ் ஹார்கிரீவ் என்னைக் கணித வகுப்பிலிருந்து எடுத்துச் சமையல் வகுப்பில் போட்டார்.

"ஏன் மிஸ் எடுத்தனீங்கள்? வவுனியாவில கணிதத்தில நான்தான் முதலாம் பிள்ளை!" என்று வாராவாரம் கத்தினேன். அவர் சிரித்தபடி தலையாட்டினார்.

பட்டையைக் கேட்டுக் கேட்டே ஆங்கிலம் பழகினேன். எனக்கு முழுதாக விளங்கிய முதல் வசனம், நான் மிஸ்ஸிடம் கத்தியபோது என் கழுத்திலிருந்தே வந்தது: "உங்கள் அன்புக்கு நன்றி, மிஸ். சமையல் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது."

அதற்குள் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் நாள் கடந்துபோயிருந்தது. அதன்பிறகு நான் கத்தவில்லை. விழாவுக்காகக் காத்திருந்தேன்.

"நிரோஜினி இரண்டு வருடத்தில் ஒருமுறைகூடக் குறை சொன்னதில்லை" என்று மேடையில் மிஸ் பெருமைப்பட்டார். சாவியைத் தந்தார். நான் பட்டையைக் கழற்றி, மாலை போடுவதுபோல அவர் கழுத்தில் போட்டுப் பூட்டினேன்.

முகம் சிவக்க அவர் கத்தினார். பட்டை கனிவாகப் பேசியது: "நன்றி, மகளே. இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது."

சபை எழுந்து நின்று கைதட்டியது. நான் சாவியைப் பொத்திக்கொண்டு இறங்கினேன். இரண்டு வருடம் கழித்துக் கொண்டுவந்து கொடுப்பேன்.