பூவிழியின் எண்பத்திரண்டு

பூவிழியின் மகிழ்ச்சி பங்குச் சந்தைக்கு வந்து பதினோரு வருடங்களாகின்றன. ஒருமுறைகூட அது எண்பத்திரண்டு ரூபாயைத் தாண்டியதில்லை. கிட்டே போகும்போதெல்லாம் சரிந்துவிடும். இந்த முறையும் சரியும் என்று நம்பி, அவள் கணவன் அறவாழி தன் கையில் இல்லாத நானூறு பங்குகளை எண்பத்தொன்றுக்கு விற்றிருந்தான். விலை இறங்கினால் மலிவாக வாங்கிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை லாபமாக வைத்துக்கொள்ளலாம். ஏறினால், ஈடாக வைத்த பால்கனியை அறுத்து எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

மாலையில் பூவிழி மூச்சிரைக்க வீட்டுக்குள் வந்தாள்.

"ஏங்க, எங்க ஆபீஸ்ல ஒரு பட்டா ஃபைல் மேல புறா முட்டை வெச்சிருச்சுங்க! குஞ்சு பொரிக்கிற வரைக்கும் அந்த நெலத்த யாரும் விக்கக் கூடாதுன்னு தாசில்தாரே கையெழுத்துப் போட்டுட்டாரு!"

கைப்பேசியில் விலை எண்பத்தொரு ரூபாய் எண்பது காசு. எப்போது சரியும் என்று அறவாழி கண்கொட்டாமல் அவள் முகத்தையே பார்த்தான். அவன் பார்க்கப் பார்க்க அவள் இன்னும் உற்சாகமாகச் சொன்னாள்.

அவன் காதில் மாட்டியிருந்த இயர்போனில் பங்குத் தரகர் ஜெயபால் கத்தினார். "சார், பதினோரு வருச விலையையும் பாத்துட்டேன். எண்பத்திரண்டு பக்கம் வர்றப்பெல்லாம் நீங்க 'சரி, சோறு போடு'ன்னு சொல்லியிருக்கீங்க. அதுலதான் விழுந்திருக்கு. சீக்கிரம் சொல்லுங்க சார், பால்கனி போயிரும்!"

அறவாழி வாயைத் திறந்தான். உடனே பூவிழி பேச்சை நிறுத்திவிட்டுத் தட்டை எடுக்கத் திரும்பினாள்.

"எத்தனை முட்டை?" என்று கேட்டான்.